நாலடித் தண்ணீருக்கு ஒரு கண்ணாடி வேலி

இரண்டாயிரத்து இருபத்திரண்டாம் ஆண்டு, ஜூலைத் திங்கள் பதினான்காம் நாள், வியாழக்கிழமை. வடவள்ளியில் விடிந்ததிலிருந்து வெயில் தலைகாட்டவில்லை. மருதமலையின் உச்சி மேகத்துக்குள் புகுந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து வந்த காற்று தென்னை ஓலைகளையெல்லாம் ஒரே பக்கமாக வாரிவிட்டது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சாரல் வந்து, கல்லை நனைத்தும் நனைக்காமலும் போயிற்று. இன்னும் மூன்று நாளில் ஆடி பிறந்துவிடும், பிறந்துவிட்டால் புதிதாக ஓர் ஆணிகூட அடிக்க மனைவி தமயந்தி விடமாட்டாள், ஆகையால் இன்றைக்குள் முடிந்தாக வேண்டும் என்று எண்ணியபடி, வீட்டின் பின்புறம் நீச்சல்குளத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார் சென்னியப்பன். மின்வாரியத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்றவர். உட்கார்ந்திருக்கும்போதும் யாரோ கம்பத்தின் மேல் ஏறியிருப்பதைப் பார்ப்பவரைப் போல நிமிர்ந்துதான் உட்காருவார். குளத்தின் ஒரு பக்கம் மதில். மற்ற மூன்று பக்கங்களிலும் பன்னிரண்டு கண்ணாடிகள் நின்றுவிட்டன. கதவு மட்டும் எஞ்சியிருந்தது. நின்றுவிட்டன என்பதை நம்புவதற்கு அவர் இருமுறை எழுந்து போய்த் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றுமே இல்லாததுபோல நின்றது அந்த வேலி. இல்லாதது போன்ற ஒன்று ஓர் உயிரைக் காக்குமா என்று ஒரு கணம் தோன்றிற்று. மின்சாரமுந்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை, அது கொல்லவில்லையா, கொல்வது தெரியாமல் இருக்கலாமென்றால் காப்பதும் தெரியாமல் இருக்கட்டுமே என்று அடுத்த கணம் தோன்றிற்று. நாளை மறுநாள், சனிக்கிழமை, பேத்தி தாமிரா வருகிறாள். இரண்டு வயதும் நான்கு மாதமும் ஆனவள். அவளுடைய தாய் நித்திலாவை அலுவலகம் எட்டு வாரப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்புகிறது. எட்டு வாரம் என்றால் ஐம்பத்தாறு நாள். ஐம்பத்தாறு நாளும் இந்த நாலடித் தண்ணீர் இங்கேயேதான் இருக்கும், அது எங்கும் போகாது, தூங்காது, கொட்டாவிகூட விடாது. தூங்குகிறவர் அவர்தான்.

தண்ணீர்மேல் அவருக்குக் கோபமில்லை. கோபப்பட முடியாது, ஏனெனில் அது தமயந்தியின் தண்ணீர். இரண்டு முழங்கால்களிலும் அறுவைச் சிகிச்சை நடந்தபின், நிலத்தில் நடப்பதைவிடத் தண்ணீரில் நடப்பது நல்லது என்று பயிற்சி கொடுத்த பெண் சொல்லிவிட்டுப் போனாள்; சொன்ன ஆறாம் மாதம் தோட்டத்துப் பாதியை வெட்டிக் குளமாக்கினார் அவர். தமயந்திக்கு நீந்தத் தெரியாது. காலை ஏழு மணிக்குப் பழைய சுடிதாரோடு இறங்கி, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கும் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கும் நடப்பாள்; முகத்தில் ஒரு தேரின் நிதானம் இருக்கும். நடந்தபடியே, துவரம்பருப்பு தீர்ந்தது, கேஸ் பதிவு செய்யவில்லை, உங்கள் சட்டைக்குப் பொத்தான் இல்லை என்று கரையிலிருக்கும் அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போவாள். முப்பத்தாறு ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் மிகவும் விரும்புவது எது என்று கேட்டால் அந்த அரைமணி நேரத்தைத்தான் சொல்வார், யாரும் கேட்டதில்லை. வேலி என்று அவர் பேச்சை எடுத்தபோது அவள்தான் முதலில் சிரித்தாள். "ஏனுங்க, குளத்துக்கு வேலி போட்டா தண்ணி ஓடியா போயிரும்?" இரும்புக் கம்பி போடலாம் என்று முதலில் நினைத்தார், குறுக்குக் கம்பியில் கால் வைத்துக் குழந்தை ஏறும், ஏறாவிட்டாலும் குளத்து மருந்து பட்டு மூன்றாம் ஆண்டு துருவேறும். வலை போடலாம், வலை தொய்யும். கண்ணாடியில் கால் வைக்க இடமில்லை, அடுக்களை சன்னலிலிருந்து பார்த்தாலும் குளம் முழுவதும் தெரியும். மூன்று கடைகள் ஏறி இறங்கினார். பன்னிரண்டு மில்லிமீட்டர் தடிமன், உலையில் சுட்டு இறுக்கிய கண்ணாடி, உடைந்தாலும் கல்கண்டு போல உதிருமே தவிரக் கிழிக்காது என்று சொன்ன இத்ரீஸ் என்பவரிடம், உதிர்ந்ததை நான் பார்க்க வேண்டும் என்று கேட்டு, அவர் பட்டறையில் உடைந்த துண்டுகளை ஒரு தகரத்திலிருந்து கையில் அள்ளிப் பார்த்தபிறகே சம்மதித்தார். ஒரு கண்ணாடிக்கும் அடுத்த கண்ணாடிக்கும் இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்பதற்காக, மகளைக் கூப்பிட்டு, குழந்தையின் தலையை நாடாவால் சுற்றி அளந்து சொல்லச் சொன்னார். "அப்பா, தொப்பி தைக்கிறீங்களா?" என்று சிரித்தாள் அவள். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஆனால் ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்காமலிருந்ததே நல்லதாய்ப் போயிற்று, கேட்டிருந்தால் மூன்றாம் படி என்று, இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம், இத்ரீஸ் கதவின் கீலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார், அதைப் பார்க்கலாம்.

கீல் நன்றாக இருந்தது. உள்ளே வில் வைத்த கீல். திறந்து விட்டால் தானாகவே வந்து மூடும், மூடியதும் மேலே உள்ள தாழ் தானாகவே விழும். மனிதனை நம்பாத கதவு. அதுதான் சரி. வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அவருக்குச் சொல்லிக்கொடுத்தது அதைத்தான்: கம்பத்தில் ஆள் ஏறுமுன் மின்சாரம் நிறுத்தப்பட்டது என்று துணைமின்நிலையத்திலிருந்து எழுத்தில் வரவேண்டும், சாவி பூட்டில் திரும்பவேண்டும், எங்கிருந்தாவது மின்சாரம் வந்தாலும் மண்ணுக்கு இறக்கிவிடும் தரைக்கோலைக் கம்பியில் மாட்டவேண்டும், 'அண்ணன் பாத்துக்குவாரு' என்ற வாக்கை நம்பி ஏறிய இருவரின் வீட்டுக்கு அவர் மாலையோடு போயிருக்கிறார். ஒரு வீட்டில் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டே இருந்தது. யாருக்கும் இறக்கத் தோன்றவில்லை. அவர்தான் போய் இறக்கினார். அந்த நினைவின் சூடு கைவிரலில் ஏறிக்கொண்டிருக்கையில் சட்டைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. நித்திலா. முகம் பார்த்துப் பேசும் அழைப்பு. திரையில் முதலில் ஒரு மூக்கு மட்டும் வந்தது. அது தாமிராவின் மூக்கு. அவர் தொலைபேசியைக் குளத்தின் பக்கம் திருப்பிக் காட்டினார். "அப்புச்சி! தண்ணி!" "ஆமாங் கண்ணு, தண்ணிதான், வா வா." பிறகு நித்திலா வந்தாள். பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள் போலும், தலை கலைந்திருந்தது. "கண்ணாடி எங்கப்பா? ஒண்ணுமே தெரியல?" "தெரியாதும்மா. அதான் கண்ணாடி." "இதுக்குப் போயி இத்தன அலைச்சலா? நீங்க இருக்கறப்ப வேலி எதுக்குப்பா? நீங்க கண்ண எடுக்க மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். தாமிரா, கேளு, உங்க அப்புச்சிதான் அம்மாவ மொத மொதல்ல ஆத்துல எறக்குனாரு. பவானிக் கூடுதுறையில. அம்மா கையப் புடிச்சுக்கிட்டு, ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு படி எண்ணி எறக்குனாரு. அதனாலதான் அம்மாவுக்குத் தண்ணின்னா பயமே இல்ல." குழந்தை ஒண்ணு, ரெண்டு என்றது. மூன்று என்று சொல்லுமுன் வேறெதையோ பார்த்துக்கொண்டு ஓடிவிட்டது. "சரிம்மா, காத்து பலமா அடிக்குது, ஒண்ணும் கேக்கல, அப்பறம் கூப்பிடறேன்" என்று அவர் வைத்துவிட்டார். எல்லாம் நன்றாகத்தான் கேட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று. படியை எண்ணியதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. அதை அவள் தானாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். ஆண்டுதோறும் ஒரு வரி சேர்ந்திருக்கிறது. பள்ளியில் நீச்சலில் பரிசு வாங்கியபோது ஒரு வரி, கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் சொன்னபோது ஒரு வரி. அவர் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆடிப் பதினெட்டு. கூடுதுறையில் தலைகளே தண்ணீர் போல அசைந்தன. நனைந்த புடவையை மாற்றத் தமயந்தி மறைப்புக்குள் போகும்போது, "பாப்பாவ விட்டுராதீங்க" என்று குழந்தையின் கையை அவர் கையில் வைத்துவிட்டுப் போனாள். மூன்றரை வயது. எண்ணெய் பூசியது போன்ற சின்னக் கை. எதிரே ஒரு கடைக்காரன் வண்ணவிளக்குக்காக மேல்கம்பியில் கொக்கி போட்டு மின்சாரம் எடுத்திருந்தான். கொக்கியின் வயர் தோலுரிந்து, ஈரப் புடவைகள் காயும் கயிற்றைத் தொட்டும் தொடாமலும் ஆடியது. ஒருவராவது செத்துப்போவார் என்று தெரிந்தது. போய்ச் சத்தம் போட்டார். அவன் எதிர்த்துப் பேசினான். இவரும் பேசினார், தான் யார் என்று சொன்னார், பொறுமையாக, முறையாக, விதிகளைச் சொன்னார், கொக்கியை இறக்க வைத்தார். அது சரியான காரியம். இன்றைக்கும் அது சரியான காரியந்தான். கை எப்போது விட்டது? அதைத்தான் இருபத்தொன்பது ஆண்டுகளாகத் தேடுகிறார். கடைக்காரனைச் சுட்டுவதற்கு விரலை நீட்டியபோதா? அப்படியானால் எந்தக் கை? வலக்கை என்றால் குழந்தை இடப்பக்கம் இருந்தாள், இடப்பக்கம் என்றால் படித்துறை வலப்புறம், பிறகு எப்படி அங்கே போனாள், இந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நினைவு முள்ளில் மாட்டிய வேட்டிபோல நின்றுவிடும், இழுத்தால் கிழியும். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை. மூன்றாம் படியில் இருந்தாள். இடுப்பளவு தண்ணீர், கவுன் குடைபோல விரிந்து மிதந்தது. மிதந்து போகும் ஒரு சாமந்தி மாலையைப் பிடிப்பதற்காக நான்காம் படியை நோக்கிக் காலைத் தூக்கியிருந்தாள். நான்காம் படி என்று ஒன்று அங்கே இல்லை. அது இடிந்து எத்தனையோ ஆண்டு. சுற்றிலும் நூறு பேர், ஒருவரும் பார்க்கவில்லை. தூக்கிக்கொண்டார். அவள் அழவில்லை, மாலை போய்விட்டதே என்று முகத்தைச் சுளித்தாள், அவ்வளவுதான். மறைப்பிலிருந்து வந்த தமயந்தி ஈரக் கவுனைப் பார்த்து, என்னங்க இது என்று கேட்டாள். "தண்ணி வேணும்னு அடம் புடிச்சா, நாந்தான் எறக்கி விட்டேன்." அவ்வளவுதான், அந்த ஒரு வாக்கியந்தான். அன்றிரவு குழந்தைக்குச் சளி பிடித்தது. அதற்காகத் தமயந்தி அவரைத் திட்டிய திட்டு இன்றைக்கும் நிற்கவில்லை. நித்திலா தும்மினால் போதும், அந்தப் பவானித் தண்ணி என்று தொடங்கிவிடுவாள். திட்டு இனித்தது. செய்யாத குற்றத்துக்கு வாங்கும் திட்டு, செய்த குற்றத்தை மூடிக்கொண்டு கிடந்தது.

"சார், கொஞ்சம் இங்க வாங்க." இத்ரீஸ் அழைத்தார். ஆட்கள் இருவரும் கதவுக் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்திருந்தனர். கருங்கல் விளிம்பில் துளைக் கருவியை வைத்தபடி அவர் குந்தியிருந்தார். "கதவு எந்தப் பக்கமா தொறக்கணும்? நீங்க அன்னைக்கு வெளிப்பக்கம்னீங்க. செவ்வாக்கெழம அம்மா போன் பண்ணி உள்பக்கம்னாங்க. தாழுக்குக் கல்லுல ஓட்ட போடப்போறேன். போட்டுட்டா அப்பறம் மாத்துனா கல்லையே மாத்தணும்." சென்னியப்பன் திரும்பிப் பார்த்தார். தேநீர்த் தட்டோடு, அறுவைக்குப் பிந்திய தன் மெல்லிய ஆட்ட நடையில் தமயந்தி வந்துகொண்டிருந்தாள். "நாந்தாங்க சொன்னேன்," என்றாள், கேள்வி வருமுன்பே. "நம்ம ஊட்ல எந்தக் கதவு வெளிய பாத்துத் தொறக்குது சொல்லுங்க? உள்ள பாத்துத் தொறந்தாத்தான் வர்ற லட்சுமி வருவா. வெளிய தொறந்தா இருக்கறவளும் போயிருவா. வாஸ்துக்காரரும் அதத்தான் சொன்னாரு." "இது குளம், தமயந்தி. ஊடு இல்ல." "ஊட்டுக் குளந்தானுங்களே?" இத்ரீஸ் மெல்ல இருமினார். "அம்மா, தப்பா நெனைக்காதீங்க. உள்ள, குளத்துப் பக்கம் தொறக்கற மாதிரி வெச்சா, என்னைக்காவது தாழ் சரியா விழலைன்னு வைங்க, குழந்த சும்மா சாஞ்சாப் போதும், தொறந்துக்கும். வெளிய தொறக்கறதுன்னா தள்ளத் தள்ள மூடிக்கும்." "அதெல்லாம் தாழ் விழும் பாய். புதுத் தாழ். அப்படியே விழலைன்னாத்தான் என்ன? இவரு இருக்காரு. இவரு கண்ணு கண்ணாடிய விடக் கெட்டி. எம் பொண்ண ஆத்துலயே எறக்கிக் காமிச்சவரு, நாலடித் தண்ணியில உட்டுருவாரா?" என்று சொல்லிவிட்டு, பெருமையோடு, ஆம், பெருமையோடுதான், அவருக்குத் தேநீரை நீட்டினாள்.

தேநீரை வாங்கவில்லை அவர். இப்போது சும்மா இருக்கலாம். அவள் சொல்லை அவர் மீறியதே இல்லை, இன்றும் மீறவில்லை என்றால் யாருக்கும் வியப்பிராது. தாழ் புதிது, விழும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை விழும். அந்த ஒரு முறைக்காகத்தான் தரைக்கோல் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார். அல்லது, விதி இப்படித்தான் என்று அதட்டலாம். அவள் கேட்கமாட்டாள், இன்னும் சிரிப்பாள், ஏனென்றால் அவள் நம்பியிருப்பது கதவையே அன்று. அவள் அவரை நம்பியிருக்கிறாள். அந்த நம்பிக்கையின் அடியில் அவர் வைத்தது ஒரு பொய். அதன்மேல் மகள் ஏறி நிற்கிறாள். நாளை மறுநாள் பேத்தியும் ஏறப்போகிறாள். எழுத்தில் வராத வாக்கு. அண்ணன் பாத்துக்குவாரு. சொன்னால் என்ன போகும்? நித்திலாவின் கதை போகும். அவளுக்குத் தண்ணீரில் பயமில்லாமற் போனதற்கு ஒரு தகப்பனின் கை காரணம் என்ற அழகான கதை. அது அவளுடையது, அவர் கொடுத்தது, கொடுத்ததைத் திரும்பப் பிடுங்கலாமா? துளைக் கருவி ஒருமுறை உறுமிப் பார்த்து நின்றது. சாரல் வந்தது. கண்ணாடியில் முதல்முறையாகத் துளிகள் நின்றன. அப்போதுதான் வேலி முழுவதும் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. "தமயந்தி," என்றார். "அன்னைக்குப் பவானியில நான் பாப்பாவ எறக்கல. அவளே எறங்கிட்டா. நான் பாக்கல." அவள் புரியாமல் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பைப் பாதியில் வைத்துக்கொண்டாள். "ஒரு கொக்கிக்காரங்கிட்டச் சண்ட போட்டுட்டு நின்னேன். கைய உட்டுட்டேன். திரும்புனா மூணாவது படியில நிக்கறா. நாலாவது படி கெடையாது." இத்ரீஸ் கருவியையும் அவருடைய ஆட்கள் கண்ணாடியையும் பிடித்தபடியே மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றனர். "எத்தன நேரம்?" என்று தமயந்தி கேட்டாள். "தெரியல." "தெரியலீன்னா?" "தெரிஞ்சா இத்தன வருசம் ஒறங்கியிருப்பேனே."

அவள் தட்டைக் கல்லின்மேல் வைத்தாள். குனிவதற்கு அவளுக்கு இன்னமும் நேரமாகும். அந்த நேரம் முழுவதும் அவர் அவளுடைய நரைத்த வகிட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி இந்த வகிடு காலை ஏழு மணிக்குத் தண்ணீரில் நடந்தபடி தன்னிடம் துவரம்பருப்பைப் பற்றிச் சொல்லுமா என்று நினைத்தார். சொல்லாவிட்டால் அந்த அரைமணி நேரத்தில் என்ன செய்வது, எங்கே உட்காருவது, நாற்காலியை எந்தப் பக்கம் போடுவது. நிமிர்ந்தவள் அவரைப் பார்க்கவில்லை. குளத்தைப் பார்த்தாள். "பாய்," என்றாள். "வெளிய பாத்தே வெச்சிருங்க." "அம்மா, லட்சுமி..." "வர்றவ இழுத்துத் தொறந்துட்டு வரட்டும். நாலு கை இருக்குதுல்ல அவளுக்கு." இத்ரீஸின் ஆட்களில் ஒருவர் சிரிப்பை அடக்கத் தலையைக் குனிந்துகொண்டார். கருவி உறுமியது, கல்லின் வெண்தூள் சாரலில் பாலாய்க் கரைந்து ஓடியது. அந்த இரைச்சலுக்கு நடுவே, அவருக்கு மட்டும் கேட்கும்படி தமயந்தி பேசினாள். "இருவத்தொம்பது வருசம் சளிக்குத் திட்டுனேன். எதுக்குத் திட்டோணுமோ அதுக்குத் திட்டல. இன்னைக்குச் சாயங்காலம் உக்காருங்க, மொதல்லருந்து ஆரம்பிக்கறேன்." "செரி." "செரின்னு சொன்னா ஆச்சா? அழுகறீங்களா?" "சாரல்." "சாரலுக்குக் கண்ணு மட்டுந்தான் கெடச்சுதாக்கும்," என்று முந்தானையை நீட்டிவிட்டு, நீட்டிய கையை எடுக்காமலேயே கேட்டாள்: "அவகிட்ட எப்பச் சொல்லப்போறீங்க?" அவர் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார். சர்க்கரை தூக்கலாக இருந்தது. கதவு அதன் இடத்தில் ஏறி, ஒருமுறை வீட்டுப் பக்கம் திறந்து, தானே திரும்பி வந்து மூடிக்கொண்டது.

பின்னர் நடந்தது இது. சனிக்கிழமை தாமிரா வந்தாள். ஞாயிறு இரவு நித்திலா விமானம் ஏறினாள். சென்னியப்பன் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆகஸ்ட் ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணியளவில் அவர் குளத்துக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார். விழித்தபோது குழந்தை கதவின்மேல் இரு கைகளையும் ஊன்றி, முழு எடையையும் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருந்தாள். வேலியருகே கயிற்றில் உலர்த்தியிருந்த துண்டின் நுனி காற்றில் பறந்து தாழில் சிக்கியிருந்தது, தாழ் விழவில்லை. கதவு வெளிப்புறம் திறப்பதாகையால், அவள் தள்ளத் தள்ள இறுகியே நின்றது. அவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, தமயந்தியை எழுப்பிச் சொன்னார். துணி உலர்த்தும் கயிற்றை அன்றே வீட்டின் முன்புறத்துக்கு மாற்றினார். மாலையில் ஜெர்மனிக்குத் தொலைபேசியில் பேசி, முதலில் அன்று நடந்ததையும், பிறகு தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு நடந்ததையும் மகளிடம் சொன்னார். நித்திலா முழுவதையும் கேட்டு முடித்தாள். பிறகு, "துணிக் கயித்த மாத்தியாச்சாப்பா?" என்று கேட்டாள். மாற்றியாயிற்று என்றார். "சரிப்பா" என்றாள். குழந்தை மேலும் ஐந்து வாரங்கள் அவர்களோடு இருந்தாள்.